கோவில் கூரையும் மின்சார விற்பனையும்

ஆடி மாதம் நெருங்கிவிட்டால் தோட்டப்புற ஆலயங்களில் முதலில் எழும் கவலை விளக்கு வெளிச்சத்தைப் பற்றியதே. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குள் பொது மின்சாரம் வந்து சேராத காலத்தில், தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கி, இரவில் சில மணி நேரத்திலேயே நின்றுவிடும். திருவிழா இரவுகளில் மட்டும் பெரியவர்கள் துரையிடம் கேட்டு நேரத்தை நீட்டித்துக்கொள்வார்கள். கரகம் லயங்களைச் சுற்றி வருகையில் கேஸ் விளக்கைச் சுமந்து நடந்த தலைமுறையினர் சிலியாவிலும் ரந்தாவிலும் பகாவிலும் இன்னும் இருக்கின்றனர்.

அத்தகைய ஆலயங்களின் நிர்வாகங்களை நோக்கி இன்று வேறொரு யோசனை வருகிறது. மண்டபத்துத் தகரக் கூரையில் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தைத் தெனாகா நேஷனலுக்கு விற்றால் ஆலயத்திற்கு நிரந்தர வருமானம் கிடைக்குமே என்கின்றனர் உபயகாரர்களும் இளைஞர்களும். எண்ணம் நல்லதுதான். ஆனால், அதன் பின்னால் உள்ள கணக்கு பழைய கணக்காகும்.

மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்வது தோட்டங்களுக்குப் புதிதன்று. செம்பனை எண்ணெய் ஆலைகள் பழத்தின் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் தம் இயந்திரங்களை நெடுங்காலமாக ஓட்டி வந்துள்ளன. அந்த மிச்சத்தைப் பொதுக் கம்பிக்கு விற்க அரசாங்கம் 2001ஆம் ஆண்டில் சிறு மின்னுற்பத்தித் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னர் 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. சூரிய மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்ட விலையில் வாங்கும் ஏற்பாடு அப்போதுதான் ஏற்பட்டது. தொடக்கத்தில் சிறு கூரைகளுக்கு யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கும் மேல் கிடைத்தது. வழிபாட்டுத் தலங்கள் உள்ளிட்ட சமூக அமைப்புகளுக்கெனத் தனிப் பிரிவும் இருந்தது. நீலாய்க்கு அருகே பஜாமில், மூடப்பட்ட குப்பைமேட்டின் மீது 2012ஆம் ஆண்டில் எழுந்த சூரிய மின்நிலையமும் இந்த ஏற்பாட்டின் கீழ் வந்ததே. அன்று துணிந்து சேர்ந்தவர்கள் பயனடைந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சூரிய மின்சாரத்திற்கு அந்தக் கதவு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

2016 நவம்பரில் தொடங்கிய நிகர அளவீட்டுத் திட்டத்தில் பணம் கைக்கு வருவதில்லை. அனுப்பிய மின்சாரம் கட்டண ரசீதில் கழிக்கப்படும். 2019 முதல் அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு வாங்கிய ஒரு யூனிட் என்று கழித்தார்கள். வீடுகளுக்கு மிச்சக் கணக்கை அடுத்தடுத்த மாதங்களுக்குக் கொண்டுசெல்லவும் இடமிருந்தது. அந்தத் திட்டமும் 2025 ஜூன் 30ஆம் நாளோடு முடிவுற்றது. 2026 ஜனவரி முதல் நடப்பில் இருப்பது ‘சோலார் அத்தாப்’. கூரை என்று பொருள்படும் மலாய்ச் சொல். முன்னாளில் அத்தாப்புக் கூரையின் கீழ் அம்மனை வைத்து வணங்கிய தோட்ட மக்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தப் புதிய திட்டத்தில் விற்கும் விலையும் வாங்கும் விலையும் ஒன்றல்ல. 2025 ஜூலைக் கட்டண அட்டவணையில் சாதாரண வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணமும் கம்பிக் கட்டணமும் சேர்ந்தால் 44.43 சென். வீடு அனுப்பும் மின்சாரத்திற்கு எரிசக்திப் பகுதி மட்டுமே கழிக்கப்படும். வீடு அல்லாத கணக்குகளுக்கோ மொத்தச் சந்தையின் சராசரி விலைதான். ஆலயங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவிலேயே வரும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு மாதத்து மிச்சம் அந்த மாதத்தோடு முடிந்துவிடும். தோட்டத்து ஆலயத்தின் நடைமுறையை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். காலை பூசை முடிந்து நடை சாத்தினால் மாலை வரை ஓரிரு மின்விசிறிகளுக்கு மேல் செலவில்லை. ஆண்டின் பெரும் செலவு திருவிழா நாட்களில், அதுவும் இரவில். பத்துக் கிலோவாட் தகடுகள் மாதம் ஏறக்குறைய ஆயிரம் யூனிட் தரக்கூடும். ஆனால் தையிலும் மாசியிலும் மிஞ்சியதை ஆடி மாத அலங்கார விளக்குக்கு எடுத்துவர முடியாது. பதினொரு மாதம் வீணாகும் பெரிய அமைப்பை ஒரு மாதத்திற்காக வாங்குவது, அன்னதானத்துக்கு வேண்டிய அண்டாவில் அன்றாட நைவேத்தியம் பொங்குவதைப் போன்றதாகும்.

இன்வெர்ட்டரைப் பற்றியும் தவறான நம்பிக்கை உலவுகிறது. தகடு தரும் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி, பொதுக் கம்பியின் அலைவோடு இசைய வைப்பது அதன் வேலை. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பம் ஏறியவரின் உயிரைக் காக்க அவ்வாறே அமைத்திருக்கிறார்கள். ஆகவே மின்கலம் சேர்க்காத அமைப்பு, மின்தடையின்போது நண்பகலிலும் உதவாது. தேர் புறப்படும் இரவுக்கு வாடகை ஜெனரேட்டர் வேண்டியதே. அந்த உபயத்தை எந்த நிர்வாகமும் அவசரப்பட்டு நீக்கிவிடக் கூடாது.

தகட்டுக்கு வெயில் வேண்டும் என்று கோவில் அரசமரத்தை வெட்டச் சொல்பவர்களும் உண்டு. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தி குறையக்கூடும் என்பது உண்மை. அதற்காக மரத்தைத் தொடுவானேன்? நிழலில்லாத கூரைப் பகுதியில் மூன்று, நான்கு கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டால் பகற்செலவும் மாலை விளக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதிலேயே அடங்கிவிடும்.

இவை யாவற்றிற்கும் முன்னர் நிலம் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவற்றிலும் ஆலயம் நிற்கும் மண் பல இடங்களில் தோட்ட நிறுவனத்தின் பெயரிலேயே உள்ளது. சில ஆலயங்களுக்குச் சொந்த மீட்டர்கூடக் கிடையாது. தோட்ட அலுவலகத்தின் இணைப்பிலிருந்தே விளக்கு எரிகிறது. சொந்தக் கணக்கில்லாத ஆலயம் இத்திட்டத்திற்கு விண்ணப்பிக்கவே இயலாது. தகடுகள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைப்பவை. ஆலயம் அதே இடத்தில் ஐந்து ஆண்டு நிற்குமா என்பதற்கே எழுத்தில் உறுதி இல்லாதபோது, பக்தர்களின் காணிக்கையைக் கூரையில் ஏற்றுவது முறையா?

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சோலார் பற்றிப் பேச நினைக்கும் நிர்வாகங்கள், விற்பனையாளரின் வண்ணத்தாளுக்கு முன்பாக, நிலம் குறித்த கடிதத்தையும் ஆலயத்தின் பெயரிலுள்ள பன்னிரண்டு மாத மின் ரசீதுகளையும் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கட்டும். கடிதம் இல்லாத இடங்களில் இவ்வாண்டு திரட்டும் நிதி அதைப் பெறுவதற்கே செலவாக வேண்டும்.