ஈற்றடி குறுகியதென்று ஒரு வழக்கு

பூச்சோங்கில் என்னிடம் தமிழ் இலக்கியம் பயிலும் நான்காம் படிவ மாணவன் ஒருவன், மாணவர்க்கான திறனாய்வுப் போட்டி ஒன்றுக்கு நான்கு பக்கக் கட்டுரை எழுதி அனுப்பினான். ‘இது இலக்கியமன்று, விளையாட்டு’ என்னும் ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. அவன் எடுத்துக்கொண்ட பொருள் ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டு. திருப்பி அனுப்பியவர் யார் என்பது ஈண்டு வேண்டா. அவ்வொற்றை வரியோடுதான் என் வழக்கு.

கனடாவின் டொராண்டோ நகரில் ‘விசை’ என்னும் சிறு குழுவினர் ஆக்கி, 2023 ஜூலையில் வெளியிட்டது அது. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழகத்தினின்று கனடாவில் குடியேறிய குடும்பம். தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வெண்பாவின் தாய் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து, ஆடுபவர் சமைக்கவேண்டும். இடையிடையே, பழைய தமிழ்த் திரையிசையின் பாணிகளை நினைவூட்டும் புதுப்பாடல்கள் ஒலிக்கின்றன.

மேனாட்டுத் திறனாய்வாளர் இதனைப் பெரிதும் பாராட்டினர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, அறிமுக ஆக்கத்துக்கான விருதை அளித்தது. ஆயினும் பலர் ஒரு குறை கூறினர்: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதாம், புதிர்கள் எளியனவாம். துணியை முழக்கோலால் அளப்பதுபோல் கலையை மணிக்கணக்கால் அளந்தனர். அவர்களை நான் நொந்துகொள்ளேன். வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் குறுகி நிற்பதே முறை என்று அவர்களுக்கு யார் சொல்வது? பாவலனுக்கும் வெண்பாவுக்கும் பிறந்தவன் கவின் என்னும்போது, அப்பெயர்களில் உள்ள குறும்பு நமக்கன்றோ விளங்கும்? விளங்கவேண்டிய நாமோ வாய் திறக்கவில்லை.

புதிர் எளிதென்றார்களே, அதையும் பார்ப்போம். இட்டலித் தட்டுகளை அடுக்கும் கட்டம் ஒன்று வருகிறது. மேல்தட்டின் துளைக்கு நேர்கீழே இட்டலி அமையுமாறு தட்டைத் திருப்பி வைத்தால்தான் ஆவி பரவும். இட்டலி அவித்துப் பழகியவர்க்கு இது புதிரே அன்று. கை தானே செய்துவிடும். ஆனால் ஏட்டில் அவ்விடம் தெளிவாக இல்லை. கை அறிந்ததை ஏடு இழந்துவிட்டது. என் மாணவன் எழுதியவற்றுள் சிறந்த பத்தி இதைப் பற்றியதே. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சிலவற்றில் அடிகள் சிதைந்திருந்தன. அவர் தாமாக இட்டு நிரப்பாமல் குறையைக் குறையாகவே விட்டார். இந்த விளையாட்டோ, ஊகித்து நிரப்பு, தவறினால் மீண்டும் செய் என்கிறது. ஏடு பதிப்பிப்பவர்க்கு இல்லாத உரிமை அடுக்களையில் நிற்பவர்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பதினாறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி இது. இது திறனாய்வு அன்றெனில் எது திறனாய்வு?

குறையற்ற ஆக்கம் என்று நான் வாதிடவில்லை. காட்சிகள் ஆண்டுகளைத் தாவிச் செல்வதால் கவினின் மனமாற்றம் நம் கண்முன் வளராமலே நிகழ்ந்துவிடுகிறது. இதைக் கண்டித்து எழுதலாம், நானே எழுதுவேன். ஆனால் கண்டிப்பதற்கும் முதலில் பார்த்திருக்க வேண்டுமல்லவா? பள்ளிக்கு வீட்டு உணவைக் கொண்டுபோகக் கூசும் கவினைத் தேடி டொராண்டோவுக்குப் போகவேண்டா. அவன் என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவனைப் பற்றிய கதை ஒன்று அவன் கையிலுள்ள கருவியிலேயே கிடைக்கும்போது, ‘அது நம் துறையன்று’ எனக் கதவடைப்பது புலமையா, சோம்பலா?

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன், “இனிமேல் சிலப்பதிகாரம் பற்றியே எழுதட்டுமா, ஐயா?” என்றான். எழுது, இதையும் எழுது என்றேன். முன்னதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு, நான்கு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.