வெள்ளம் வரும்போது வீட்டில் இருப்பது யார்?



மூதூரில் ஒரு நிக்காஹ் வைபவத்துக்காகச் சென்ற மாதம் வாகரை வழியாகப் பயணம் செய்தேன். பனிச்சங்கேணிப் பாலம் கடந்து, வாகரையும் கடந்தால் கதிரவெளி வரும். கிழக்கே கடல். வடக்கே சிறிது தூரத்தில் வெருகல் ஆறு. தமிழ்ச் சகோதரர்கள் வாழும் அந்தக் கிராமத்தைச் சுனாமி அடித்தது. ஈராண்டு கழியுமுன் யுத்தம் விரட்டியது. இரண்டுக்கும் தப்பி வந்து திரும்பக் குடியேறிய மக்கள்.

தேநீர் குடிக்க இறங்கிய கடையில் வயதான அம்மா ஒருவர் கருவாடு கட்டிக் கொண்டிருந்தார். மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. "முந்தி மழ சொல்லிப்போட்டு வரும் மனே. இப்ப சொல்லாமக் கொள்ளாம வந்து வீட்டுக்குள்ள நிக்கிது" என்றார். எத்தனையோ புத்தகம் ஓதிய எனக்கு, இந்தப் பூமி சூடேறும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்து மனிதன் வானில் சேர்த்துவிட்ட கரியமில வாயு வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அப்படிக் கூடிய வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போகிறது. சூடான கடல்தான் சூறாவளிக்குத் தீனி. காற்றிலும் ஒரு பாகை சூடு கூடினால் அது சுமக்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பதிவேடுகள் உள்ள காலத்தில் மிகச் சூடான ஆண்டு 2024. கடல் மட்டம் உயரும் வேகமோ, தொண்ணூறுகளில் இருந்ததைப் போல் இரண்டு மடங்காகிவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நம் நாட்டின் கிழக்குக் கரையில் ஏறியது. 600க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். பெரும்பாலோர் மலைநாட்டில், மண்சரிவில். கண்டி மலைகளில் விழுந்த மழை அங்கேயே நின்றுவிடவில்லை. மகாவலியில் இறங்கி, வெருகல், மூதூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து ஊர் ஊராக மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மலையில் பெய்யும் மழைக்குக் கடலோரத்தில் இருப்பவள் ஓடவேண்டிய காலம் இது.

சரி, ஓடவேண்டியவர் யார்? இதைப் பேசத்தான் இன்று எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது பல பெண்கள் வீட்டில் அடுப்படியில் இருந்தார்கள். சுனாமிக்கும் பூமி சூடேறுவதற்கும் சம்பந்தமில்லை. அது கடலடி நில நடுக்கம். எனினும் தண்ணீர் யாரைக் கொண்டு போகும் என்பதை அது நமக்குக் காட்டியது. நம் கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் இறந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, நீந்தவும் தெரியாது.

வங்காள தேசத்தைப் பாருங்கள். 1991 ஏப்ரல் 29 இரவில் வந்த சூறாவளியில் சுமார் ஒரு இலட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதில் 20 முதல் 44 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் இறக்க, அதே வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள். புருஷன் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அந்நிய ஆண்கள் நிறைந்த கட்டடத்துக்கு எப்படிப் போவது என்று தயங்கியவர்கள் உண்டு. அவர்களும் நம்மைப் போல் கலிமா சொன்னவர்கள்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தயக்கத்தை ஊட்டியதில் என் போன்ற மௌலவிமாருக்குப் பங்கில்லையா? மிம்பரில் நின்று "வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள்" என்று ஆயிரம் தடவை சொன்ன நாம், "தண்ணீர் வந்தால் உடனே போங்கள்" என்று ஒரு தடவையாவது சொன்னோமா?

மழைக்காலம் வந்தால் ஒரு மஸ்அலா தவறாமல் என்னிடம் வரும். கணவன் மௌத்தாகி இத்தாவில் இருக்கும் பெண், வெள்ளம் வந்தால் முகாமுக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். வீடு இடிந்துவிடும், நீரில் மூழ்கிவிடும் என்ற அச்சம் இருந்தால் அவள் இடம் மாறலாம் என்று நமது ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் எழுதியே இருக்கிறது. இத்தாவில் இருப்பவளுக்கே இந்த அனுமதி என்றால், மற்றவள் அபாயாவைத் தேடிக்கொண்டு அறைக்குள் நிற்க வேண்டுமா? கைக்கு அகப்பட்டதைப் போர்த்திக் கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள். கணவருக்குப் பிறகு தகவல் சொல்லலாம். கணவன்மாரே, இந்தப் பக்கத்தை நீங்களும் படிப்பதாகக் கேள்வி. அந்த அனுமதியை இன்றே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

வங்காள தேசம் அந்த 71ஐப் பார்த்து அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சூறாவளிக் கட்டடங்களைக் கட்டியது; பெண்களுக்குத் தனி அறை ஒதுக்கியது. வீடு வீடாகப் போய் எச்சரிக்கும் தொண்டர்களில் இன்று பாதிப் பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால் பெண் வெளியே வருவாள் அல்லவா? 2020இல் 'அம்பான்' புயல் வருமுன் 24 இலட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். அங்கு இறந்தோர் தொகை நூறைத் தொடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2024 நவம்பர் 26 அன்று, மழையால் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் இழுபட்டது. ஆறு மாணவச் செல்வங்கள் போய்விட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. நானும் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். மழை கூடினால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. இப்போது வானம் கறுத்தால், போகும் பாதை எது, அதில் தண்ணீர் எவ்வளவு என்று 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்ட பிறகே கதவைத் திறக்கிறோம். சந்தேகமானால் பிள்ளைகள் எங்களோடே தங்கிவிடுவார்கள். பெற்றோர் கோபித்தாலும் பரவாயில்லை.

நம் வாவிக் கரைகளில் கண்டல் மரம் நின்றால் அலையின் வேகத்தை அது தணிக்கும். விறகுக்கும் இறால் குளத்துக்கும் அதை வெட்டியது போதும். பொத்துவில் முதல் வெருகல் வரை இருக்கும் நம்மவர் அனைவருக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். அதை வேறொரு மாதம் விரிவாக எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

என் மூத்த மகளுக்கு வயது பதினான்கு. வாவியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், நீந்தத் தெரியாது. ஏழு வயதில் கேட்டாள். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு?" என்று சொன்னவன் நான்தான். கதிரவெளியிலிருந்து திரும்பிய அன்று அவளிடம் அதைப் பற்றிப் பேசினேன். "இப்ப யார் வாப்பா எனக்குப் பழக்கித் தருவா?" என்று கேட்டாள். ஊரில் நீந்தத் தெரிந்த பெண் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பள்ளிவாசல் மேல்மாடியில் பெண்கள் பகுதி ஒன்று இருக்கிறது. ஊரிலேயே உயரமான இடம்; தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. றமழான் முடிந்தால் பூட்டிவிடுவார்கள். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்று சென்ற வாரம் நிர்வாக சபையில் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். உங்கள் ஊரில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?