கைப்பழக்கமா? குலப்பழக்கமா?

கும்பகோணத்தில் அரசினர் கவின்கலைக் கல்லூரி ஒன்று இருக்கின்றது. மாமல்லபுரத்தில் 1957-ம் வருஷத்தில் துவக்கப்பட்ட அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி ஒன்று இருக்கின்றது. இரண்டும் சிறு கல்லூரிகள். ஏழைப் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்கக்கூடிய சர்க்கார் கல்லூரிகள். ஆனால் நமது சூலக்கரைப் பக்கத்தில், சுவர் கிடைத்த இடமெல்லாம் கரித்துண்டால் படம் போடுகிற ஒரு பையனின் தகப்பனாரிடம் போய், "இவனை அங்கே சேர்க்கலாமே" என்று சொன்னால் என்ன பதில் வருகிறது? "சிலையடிப்பது ஸ்தபதி வேலை, நம் பிள்ளைக்கு அது கைவருமா?" என்பதுதான். பக்கத்திலிருக்கும் பண்டிதரோ, "அதற்கெல்லாம் சரஸ்வதி கடாட்சம் வேண்டும்" என்கிறார்.

ஒருவர் குலம் என்கிறார். மற்றவர் கடாட்சம் என்கிறார். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பொய்கள். இரண்டின் வேலையும், உழைத்துக் கற்கக்கூடியவனை வாசற்படியிலேயே திருப்பி அனுப்புவதுதான்.

அந்தக் கல்லூரிகளில் பிள்ளைகள் செய்வது என்ன என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நான்கு வருஷப் படிப்பு. ஒரு மண்பானையை எதிரே வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி எழுதுகிறான். மனித உடம்பில் எந்த எலும்பு எங்கே முடிகிறது, எந்தச் சதை எங்கே புடைக்கிறது என்று படிக்கிறான். களிமண் பிசைகிறான், அச்செடுக்கிறான், உளிபிடித்துக் கையில் காய்ப்புக் காய்க்கிறான். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் குந்தியிருந்து, மூட்டை தூக்குகிறவனையும் பூ விற்கிறவளையும் கோடுகளாக்குகிறான். பெண்பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள்.

கடாட்சத்தால் வருகிற வித்தைக்கு நான்கு வருஷம் எதற்கு? நவராத்திரி ஒன்பது நாள் போதாதா? இரத்தத்தில் ஊறி வருகிற வித்தைக்கு வாத்தியார் எதற்கு, வருகைப் பதிவு எதற்கு, பரீட்சை எதற்கு? ஆயுத பூஜையன்று உளிக்குப் பொட்டு வைக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் அந்த உளியைத் தீட்டுவது சாணைக்கல்லே தவிர பொட்டு அல்ல.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. சென்னையில் 1850-ல் சித்திரப் பள்ளிக்கூடம் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் என்பவர் விசுவகர்மாவின் வாரிசா? அவர் ஒரு வைத்தியர்! அதே பள்ளிக்கு இந்தியர்களில் முதல் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக் கடற்கரையில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை அவர் கைவேலைதான். அதில் நான்கு கையுமில்லை, சங்கு சக்கரமுமில்லை; உழைக்கிற மனிதனின் நரம்பு மட்டுமே இருக்கிறது.

நம் வீட்டுச் சுவருக்கே வருவோம். சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் தொங்குகிற காலண்டர்களில் லட்சுமியும் முருகனும் வீற்றிருக்கிறார்கள். அப்படங்களை எழுதிப் பேர்பெற்ற கொண்டையராஜு என்பவர், சென்னைச் சித்திரப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கோவில்பட்டியில் தங்கியவர். ஆகவே தேவியின் முகமும் புடவையும் தீர்மானமானது வைகுண்டத்திலல்ல. கோவில்பட்டியில், ஒரு மனிதனின் மேஜைமீது. அந்த மனிதனின் தேர்ச்சியை மறந்துவிட்டு, அவன் எழுதிய காகிதத்தின்முன் கற்பூரம் கொளுத்துகிறோம்!

"வள்ளுவர் சிலை செய்த கணபதி ஸ்தபதி பரம்பரைச் சிற்பிதானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மை. 2000-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியில் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடிச் சிலைக்கு அவரே சிற்பி. ஆனால் அவரேதான் மாமல்லபுரம் கல்லூரியின் தலைவராகவும் பல ஆண்டு இருந்தார். தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த கணக்கு, அங்கே கரும்பலகைக்கு வந்துவிட்டது. கரும்பலகைக்கு வந்த வித்தைக்கு ஜாதி ஏது?

மேலும், பரம்பரை என்று புகழுகிறார்களே, அந்தப் பரம்பரைச் சிற்பிக்குத்தான் என்ன மரியாதை கொடுத்தார்கள்? கல்லைச் சாமியாக்குகிறவரையில் அவன் கை வேண்டும். கும்பாபிஷேகம் முடிந்தால் அதே கை பட்டால் தீட்டு! அவனைச் சிற்பி என்று எழுதின சாஸ்திரமே அவனை வெளியே நில் என்றும் எழுதிற்று. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் போன நாடார்கள்மீது வழக்குப் போட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை இழுத்து, 1908-ல் அவர்களை வெளியே நிறுத்தியதும் இந்தச் சாஸ்திரம்தான். அந்தச் சமூகத்தில் பிறந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். "இது நம் குலத்தொழிலா?" என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இன்றைய சிவகாசி ஏது?

இந்தக் குலத்தொழில் பேச்சு செத்துவிட்டதென்று யாரும் ஏமாற வேண்டாம். 1953-ல் ராஜாஜி, பிள்ளைகள் பாதிநாள் பள்ளியிலும் மீதிநாள் தகப்பன் தொழிலிலும் இருக்கவேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று கண்டித்துக் கிளர்ச்சி செய்தார். நமது விருதுநகர்க் காமராசர் 1954-ல் அதை ஒழித்தார். 2023 செப்டம்பரில் டில்லி சர்க்கார் 18 தொழில்களுக்கு விசுவகர்மா என்று பெயரிட்டு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவதே அதன் நோக்கமாம்! அந்தக் குடும்பத் தொழில் நிபந்தனையை ஏற்கமாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு எழுதிற்று. கைத்தொழிலாளிக்குக் கடனும் கருவியும் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அவன் மகனையும் அதே பட்டறையில் கட்டிப்போடும் கயிற்றைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

"எல்லாம் சரி, சித்திரம் சோறு போடுமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. பட்டாசுப் பெட்டி லேபிலும், காலண்டரும், நோட்டுப் புத்தக அட்டையும் அச்சடிக்கிற ஊருக்கு அருகில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அச்சாபீசு, சினிமா, விளம்பரம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் வரையத் தெரிந்த கைக்கு இடமுண்டு. எளிதில் கிடைக்கும் என்று பொய் சொல்லமாட்டோம். எந்தப் படிப்புக்குத்தான் இன்று எளிதில் வேலை கிடைக்கிறது?

ஆகவே தோழர்களே! படம் போடுகிற பிள்ளையை, ஆணானாலும் பெண்ணானாலும், அடிக்காதீர்கள், ஜாதகம் பார்க்காதீர்கள், விண்ணப்பத்தாள் வாங்கிக் கொடுங்கள். அங்கே படிக்கிற மாணவத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். சாஸ்திர அளவுகளைப் படியுங்கள். முன்னோர் கைத்திறனென்று படியுங்கள். தேவ கட்டளையென்று படிக்காதீர்கள். ஏன் இந்த அளவு என்று வாத்தியாரைக் கேளுங்கள். கடவுளுக்கு ஆறு முகம் செதுக்கக் கற்ற கை, தீப்பெட்டி ஒட்டிக் கூன்விழுந்த ஒரு தாயின் ஒரு முகத்தையும் செதுக்கட்டும். அந்த முகத்துக்கு எந்தச் சாஸ்திரத்திலும் அளவு எழுதிவைக்கவில்லை. கண்ணால் பார்த்துத்தான் செதுக்க வேண்டும்.