எது அரசியல் என்று யார் சொல்வது?

"வீரர்கள் விளையாடட்டும்; அவர்களுக்கு அரசியல் எதற்கு?" என்போரிடம் ஒரு கேள்வி: எந்தப் பேச்சை நீங்கள் அரசியல் என்கிறீர்கள்?

2021 பிப்ரவரியில் உழவர் போராட்டம் குறித்துப் பாடகி ரிஹானா ஒரு வரி எழுதினார். மறுநாளே சச்சின் டெண்டுல்கர், வெளியார் பார்வையாளராக இருக்கலாம், பங்கேற்பாளராகக் கூடாது என்று எழுதினார். கிரிக்கெட் வீரர்கள் பலர் ஒரே ஹேஷ்டேக்குடன் பின்தொடர்ந்தனர். 'அரசியல் வேண்டாம்' என்போர் அதற்கு இட்ட பெயர் தேசப்பற்று.

2023 ஏப்ரலில் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் மீண்டும் அமர்ந்தனர். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார்; அவர் அதை மறுத்தார். இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகிய நம் பி.டி. உஷாவோ வீதியில் அமர்வது ஒழுங்கீனம் என்றார். அவரே அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்.

மொழியியலில் குறியற்ற வடிவம், குறியுற்ற வடிவம் என்றொரு பாகுபாடு உண்டு. 'மருத்துவர்' என்றால் ஆண். பெண்ணானால் மட்டும் 'பெண் மருத்துவர்'. அவ்வாறே அதிகாரத்தை ஆதரிக்கும் பேச்சு இயல்பெனக் கடந்துபோகிறது. அதைக் கேள்வி கேட்கும் பேச்சே 'அரசியல்' என்னும் குறியை ஏற்கிறது.

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில் இதைக் கேட்டே வளர்ந்தோம். கூலி உயர்வு கேட்டால், "வேலையைப் பார், அரசியல் பேசாதே." அதே ஆட்களைக் கட்சி ஊர்வலத்துக்கு ஜீப்பில் ஏற்றும்போது அச்சொல் எழுவதில்லை.

புகழ் அறிவாகாது என்பது மெய்யே. ரன் குவித்தவர் வேளாண் சட்டம் அறிந்தவராக வேண்டியதில்லை. பிழையெனில் அவர் கருத்தை மறுங்கள், வாயை அடைக்காதீர்கள். மௌனமும் அவர் உரிமையே. ஆனால் மல்யுத்த வீராங்கனைகள் பேசியது தம் பயிற்சிக்களத்தைப் பற்றி. அதில் அவர்களைவிட அறிந்தவர் யார்?

மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், அதை நோக்கி நடந்தவர்களைக் காவல்துறை சாலையில் இழுத்து அப்புறப்படுத்தியது. டிசம்பரில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமானவரே கூட்டமைப்பின் தலைவரானார். ரியோவில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி, தம் காலணிகளை மேசைமீது வைத்துவிட்டு மல்யுத்தத்திலிருந்து விடைபெற்றார்.

விளையாட்டில் அரசியல் கூடாதென்பது உண்மையான கவலையெனில், முதலில் கூட்டமைப்புகளின் நாற்காலிகளிலிருந்து அரசியல்வாதிகளை எழச் சொல்லுங்கள். வீரர்களிடம் பிறகு வரலாம்.