கால் நனையலாம், விறைக்கக் கூடாது

இன்னிக்கு ஒரு உபயோகமான மொக்கை: சைக்கிள் ஷூவுக்கு மேல மாட்டுற உறை.

நான் இருக்கிறது மான்செஸ்டர். டிட்ஸ்பரியில இருந்து ஆபீசுக்கு 8 கிலோமீட்டர், தினமும் சைக்கிள்தான். என் ஷூவுக்கு அடியில இருக்கிற கிளீட், பெடல்ல 'டிக்'னு மாட்டிக்கும். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கமா திருப்பணும். போன டிசம்பர்ல ஒரு காலை, 5 டிகிரி, நல்ல மழை. சிக்னல்ல நிறுத்திட்டுத் திருப்பப் பார்த்தா, கால் இருக்குதான்னே தெரியலை. அவ்வளவு மரத்துப் போச்சு. சைக்கிளோட அப்படியே சாய்ஞ்சேன். பின்னாடி வந்த பஸ் டிரைவர் சட்டுனு பிரேக் போட்டதால இந்தப் பதிவு உங்களுக்குக் கிடைச்சிருக்கு :-)

இத்தனைக்கும் அன்னிக்கு உறை மாட்டியிருந்தேன். 'வாட்டர்ப்ரூஃப்'ங்கற ஒரு வார்த்தையை நம்பி வாங்கின மெல்லிசு உறை. என் கட்சி இதுதான்: ஷூ உறை வாங்கும்போது தண்ணி உள்ளே வராதான்னு கேட்கிறதே தப்பு. வரும்! கிளீட்டுக்காக அடியில ஓட்டை, கால் நுழைய மேல ஓட்டை. ரெண்டு பக்கமும் திறந்த பையில தண்ணி வராம என்ன பண்ணும்? கேட்க வேண்டிய கேள்வி, நனைஞ்ச பிறகும் சூடு நிக்குமா?

அங்கதான் நியோப்ரீன் ஜெயிக்குது. கடல்ல குதிக்கிறவங்க போடுற உடுப்புத் துணிதான். துணி முழுக்க மூடின குட்டிக் குட்டி வாயுக் குமிழ், அது சூட்டை வெளிய விடாது. உள்ள வந்த தண்ணியும் கால் சூட்டுலயே வெதுவெதுப்பாயிடும். 5 டிகிரியில 25 கி.மீ. வேகத்துல போனா உடம்புக்கு உறைக்கிறது கிட்டத்தட்ட 0 டிகிரி. அந்தக் காத்து முதல்ல அடிக்கிறது கால் விரல்லதான். குறை இல்லாம இல்லை. வேர்க்கும், காய லேட்டாகும், ரெண்டு நாள் விட்டா நாத்தம் தாங்காது. 10 டிகிரிக்கு மேலன்னா மெல்லிசு உறையே போதும். அதுக்குக் கீழே, மழையும் சேர்ந்தா, 3 அல்லது 4 மில்லிமீட்டர் நியோப்ரீன்தான்.

வாங்கும்போது ஷூவையும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. மாட்டிப் பார்க்காம வாங்காதீங்க. குளிருதேன்னு ரெண்டு சாக்ஸ் திணிக்காதீங்க. கால் இறுகினா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் விறைக்கும். கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும். பேன்ட் நுனி உறைக்கு மேல வெளிய இருக்கணும், உள்ளே சொருகினா மழைத்தண்ணி வழிஞ்சு நேரா ஷூவுக்குள்ள போகும்.

இன்னொண்ணு, காலை நனைக்கிறதுல பாதி வானத்துத் தண்ணியே இல்லை, முன் சக்கரம் வாரி அடிக்கிற ரோட்டுத் தண்ணி. கீழே ரப்பர் மடல் வெச்ச மட்கார்டு போடாம எவ்வளவு காஸ்ட்லி உறை வாங்கினாலும் தண்டம்.

"8 கிலோமீட்டருக்கு கிளீட் எதுக்குடா, சாதா பெடலும் நல்ல பூட்ஸும் போதாதா?"ன்னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் இல்லாததால பேச்சை மாத்திட்டேன். உங்ககிட்ட பதில் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, அவன்கிட்ட காட்டணும்.