அத்தியின் மறைபூ

அரிதாய் நிகழ்வதை "அத்தி பூத்தாற் போல" என்கிறோம். பூவாது காய்க்கும் மரத்துக்குக் கோளி என்று நிகண்டு நூலார் பெயருமிட்டனர். பூ புறத்தே தோன்றாமை கருதி அவ்வாறு வகுத்தமை பொருத்தமே. ஆயின் அத்தி பூவாத மரமன்று. பூவை அகத்தே ஒளித்த மரம். நாம் காய் எனக் கருதுவது எண்ணற்ற நுண்பூக்களை உள்ளடக்கிய ஒரு சிமிழாகும்.

அச்சிமிழின் நுனியில் ஒரு நுண்டுளை உண்டு. மணமறிந்து வரும் பெண்குளவி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமே உடையது. சிறகு ஒடிய அத்துளைவழி நுழைந்து, தான் பிறந்த கனியிலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களிற் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. முட்டை பெற்ற பூ குஞ்சுக்கு இரையாகும். மகரந்தம் மட்டும் பெற்றது விதையாகும். உள்ளே வளரும் ஆண்குளவிகள் சிறகற்றவை. அவை பெண்குளவிகளுடன் கூடியபின் கனியின் சுவரைத் துளைத்து வழி திறந்துவிட்டு இறக்கின்றன. பெண்குளவிகள் மகரந்தம் சுமந்து வேறு மரம் தேடிப் பறக்கின்றன. இவ்வுறவு 6 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டதென ஆய்வாளர் கணிப்பர்.

அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளெல்லாம் பூச்சி என்று நம் பழமொழி இகழும். அப்பூச்சி இன்றேல் விதை இல்லை. விதை இன்றேல் நாளை மரமும் இல்லை. கலிபோர்னியா உழவர் இதனைப் பொருளிழந்து கற்றனர். துருக்கி நாட்டு ஸ்மிர்னா அத்தியை அவர்கள் 1880களில் கொணர்ந்து நட்டனர். மரம் தழைத்தது, காய்களோ முதிராமல் உதிர்ந்தன. 1899இல் அதற்குரிய குளவியையும் கொணர்ந்து நிலைபெறச் செய்த பின்னரே கனி கைக்கெட்டியது.

குளவியின் வாழ்நாள் ஓரிரு நாள். ஆதலின் அது செல்லும் தொலைவுக்குள் எந்நாளும் ஏதேனும் ஒரு மரம் அதனை ஏற்கும் பருவத்தில் நிற்றல் வேண்டும். அத்தியும் ஆலும் அரசும் மரத்துக்கு மரம் வெவ்வேறு காலத்திற் காய்ப்பது இவ்வேற்பாட்டுக்கு உதவுகிறது. அதனால், பிற மரங்கள் பழுக்காத காலத்தும் பச்சைப்புறாவும் குக்குறுவானும் வௌவாலும் குரங்கும் பசியாறுகின்றன. அவை எச்சத்துடன் இடும் விதையே பனையின் மீது ஆலாய் முளைக்கிறது. ஆனால் அவ்வால் வளர்ந்து, தன்னைத் தாங்கிய பனையையே நெரித்தலும் உண்டு. இயற்கையின் உறவுகள் யாவும் அன்பின்பாற்பட்டவை என மயங்குதற்கில்லை. தத்தம் வாழ்வு நாடி ஒன்றையொன்று பற்றிநிற்பவை அவை.

எனது கவலை இதுவே. வீதியை அகலிக்கவும் வளவைத் துப்புரவாக்கவும் முதுமரங்களை வீழ்த்துகிறோம். ஒரு மரம் போயிற்றென எண்ணி அமைகிறோம். மரங்கள் அருகி இடைவெளி மிகுமாயின் குளவியின் தொடர் அறும். அதனோடு பறவையின் உணவும் குறையும். வேறோரிடத்தில் நாட்டும் கன்று அவ்விழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் செல்லும்.

நம் பாடசாலைகளில் "அத்தி பூத்தாற் போல" என்பதன் பொருளைத் தமிழாசிரியர் உரைக்கிறார். மகரந்தச் சேர்க்கையை விஞ்ஞான ஆசிரியர் விளக்குகிறார். இருவரும் ஒருநாள் ஓரத்திக்காயை மாணாக்கர் முன் பிளந்து காட்டுவாராக. மொழியின் வழக்கும் இயற்கையின் வழக்கும் அங்கே ஒருங்கே விளங்கும். உள்ளிருக்கும் பூவைக் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் அம்மரத்தில் கோடரி வைக்குமுன் சற்றே நின்று எண்ணும்.