சோற்றை விட்டு நெய்ப் பனீரா?



இந்த மாதம் நெய்யில் பொரித்த பனீரைப் பற்றிப் பேசுவோம். அண்மைக் காலமாக நான் போகின்ற மாதர் குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மகளோ மச்சாளோ தொலைபேசியில் சொல்லியிருப்பார்: "சோத்த விட்டுப்போட்டு சீஸ நெய்யில பொரிச்சுச் சாப்பிடுங்க, சீனி வருத்தம் குறைஞ்சிரும்." இதைக் கேட்டு வருபவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். அவர்கள் படுக்கையில் விழுந்தால் அடுப்பு எரியாது. ஆகவே இதை ஆறுதலாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

இந்த உணவு முறைக்குப் பெயர் கீட்டோ. 1921இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் என்ற வைத்தியர் வலிப்பு நோயாளர்களுக்காக இதை முன்வைத்தார். மாச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் உடல் சீனிக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். இதற்கு ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரையான மாச்சத்தே அனுமதி. 200 கிராம் சோற்றிலேயே ஏறத்தாழ 55 கிராம் இருக்கிறது. அப்படியென்றால் சோறு மட்டுமல்ல, பிட்டு, இடியப்பம், பாண் எல்லாமே விலக்கு. வயிற்றை எதனால் நிரப்புவது என்ற கேள்விக்குத்தான் கொழுப்பில் பொரித்த சீஸ் பதிலாக வருகிறது. வெளிநாட்டில் சைப்பிரஸ் நாட்டு ஹலூமியைப் பன்றிக்கொழுப்பிலோ மாட்டுக்கொழுப்பிலோ பொரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' நூலால் இதையொத்த உணவு முறை பரவியபோது, மரக்கறி உண்பவர்களுக்கு நெய்யில் வறுத்த பனீர் கைகொடுத்தது.

நமக்கு இது அந்நியப் பொருளல்ல. படுவான்கரையில் பாலுக்குப் பெயர் போன ஊர்கள் எத்தனை! 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்குள்ளவர்களில் பலர் வாவியைப் படகில் கடந்து சந்தைக்கு வந்தார்கள். தயிர் போட்டு மிஞ்சும் பாலில் வீட்டிலேயே பனீர் செய்யலாம். ஒரு லீற்றர் பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒன்றிரண்டு தேசிக்காயின் புளியைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். பால் திரிந்து நீர் தெளிந்ததும் மெல்லிய துணியில் வடித்து, ஒரு மணி நேரம் பாரம் வையுங்கள். 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். எருமைப் பாலில் சற்றுக் கூடும். பாலிலுள்ள சீனியின் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடுவதால் பனீரில் மாச்சத்து குறைவு. புளியில் திரிந்த கட்டி சூட்டில் உருகாது, அதனால் பொரிக்க ஏற்றது. கடையில் தாள் சுற்றி விற்கும் முக்கோணச் சீஸ் தாச்சியில் உருகிப் பரவிவிடும்.

துண்டுகளின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகு பிரட்டிப் பொரியுங்கள். ஈரமிருந்தால் நெய் தெறிக்கும். மாவில் தோய்த்தால் விலக்கிய மாச்சத்து திரும்ப வந்துவிடும். பட்டரில் பாலின் கசடு இருப்பதால் சீக்கிரம் கருகும். நெய் கூடிய சூட்டையும் தாங்கும்.

ஆனால் மூழ்கப் பொரிக்க வேண்டுமா? ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ 15 லீற்றர் எருமைப் பால் வேண்டும். தாச்சியில் அரைக் கிலோ நெய் ஊற்றினால் ஏழு லீற்றருக்கு மேற்பட்ட பாலை ஊற்றுகிறோம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் இரு பக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்தாலே போதும். அந்த ஒரு கரண்டியிலேயே 120 கலோரி அளவில் இருக்கிறது. சோறும் குறையாமல் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்புதான் பெருக்கும். சீனியைக் குறைப்பது நெய்யல்ல, தட்டில் இருந்து போன சோறு என்பதை மறக்க வேண்டாம்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சோற்றை ஒரேயடியாக நிறுத்தினார். குளிசையை மட்டும் வழமைபோல் போட்டார். மூன்றாம் நாள் இரவு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறியது. வீட்டில் இருந்தது பன்னிரண்டு வயது மகள் மட்டும். அந்தப் பிள்ளை சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் தாய் தப்பினார். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குளிசைகளும் இன்சுலினும் நீங்கள் வழமையாக உண்ணும் உணவைக் கணக்கிட்டே தரப்படுகின்றன. உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். டப்பகிளிபுளோசின், எம்பகிளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்கள் கீட்டோ இருந்தால் இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் இறங்கவே கூடாது. சிறுநீரகம், பித்தப்பை, இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொட வேண்டாம். நெய்யும் கொழுப்பும் கூடினால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ரோலும் கூடும்.

அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அதுவும் ஆபத்தே. அடுத்த கிளினிக் நாளில் மருந்துகளைக் கையோடு கொண்டுபோய், "சோத்தக் குறைக்கப் போறன், மருந்த மாத்த வேணுமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அதுவரை சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தில் கீரைச் சுண்டலும் மீனும் நாலு துண்டுப் பனீரும் வையுங்கள். பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைக் கடைசியாக உண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. குளிசை போடுபவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும்.

இன்னுமொன்று. நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடித்து, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே வாகனம் பிடிக்க வேண்டும். இதை இன்றிரவே வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, சீனிப் போத்தல் இருக்கும் இடத்தையும் காட்டிவையுங்கள்.